அப்பாவோடு வாஷிங்டன்: மெமோரியல் டே வார இறுதி

மே 23, வெள்ளி

மெமோரியல் டே, போர்களில் இறந்த அமெரிக்கச் சிப்பாய்களை நினைக்கும் விடுமுறை நாள். அதை ஒட்டிய வெள்ளிக்கிழமை மதியத்தில் நியூஜெர்சியிலிருந்து வாஷிங்டனுக்குக் காரில் கிளம்புவது புத்தியுள்ளவர்கள் செய்கிற காரியம் இல்லை. நாலு மணி நேரப் பயணம் ஏழரை மணி நேரமாக இழுத்தது. டெலவேர் பாலத்தைத் தாண்டுவதற்குள் புளியோதரை டப்பா காலி. பால்டிமோர் வருவதற்குள் மகனின் ஐபேடில் சார்ஜ் காலி. அப்பா மட்டும் முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, முன்னால் போகும் லாரிகளின் முதுகில் எழுதியிருப்பதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். கான்வாயில் போய்ப் பழகியவருக்கு டிராபிக் ஒரு பொருட்டே இல்லை.

அப்பா இந்திய ராணுவத்தின் என்ஜினியர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் 24 வருஷம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். இலங்கைக்கு அமைதிப்படையோடு போய், கடைசியாகத் திரும்பியவர்களில் ஒருவர். நானோ 2003 பிப்ரவரிக் குளிரில், இராக் போர் வேண்டாம் என்று நியூயார்க் தெருவில் அட்டை பிடித்து நின்றவள். இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் சாப்பாடு ஆறிப்போகும். வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையைப் பார்க்க வேண்டும் என்று அவர் இங்கே வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். பேரனுக்கும் பள்ளி விடுமுறை. சரி, கிளம்பிவிட்டோம்.

வர்ஜீனியாவில் மோட்டல். இரண்டு கட்டில் உள்ள அறை கேட்டுப் பணம் கட்டியிருந்தோம். இருந்தது ஒரே கட்டில். விடுமுறை என்பதால் இரவுக்கு 189 டாலர் வேறு. வரவேற்பில் இருந்த குஜராத்திப் பையன் ஒரு மடக்குக் கட்டில் கொண்டுவந்து போட்டான். அதற்கு மூணு காலில்தான் உறுதி. அவனே சங்கடப்பட்டு, "அங்கிள், டீ சாப்பிடுங்க" என்று தன் சொந்த பிளாஸ்கிலிருந்து இஞ்சி டீ ஊற்றிக் கொடுத்தான். அப்பா அவனோடு ராணுவ இந்தியில் அரை மணி நேரம் பேசினார். நான் புகார் எழுதலாம் என்றிருந்தேன், அந்த டீக்குப் பிறகு மனசு வரவில்லை. வெளியே வரும்போது அவன் "ஹேப்பி மெமோரியல் டே" என்றான். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்.

மே 24, சனி

ஆர்லிங்டன் காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. விமான நிலையம் மாதிரி சோதனை. அப்பாவுக்கு அதில் பரம திருப்தி. உள்ளே சுற்றிக்காட்ட வண்டி உண்டு, ஏற மாட்டேன் என்றுவிட்டார். 639 ஏக்கர், மேடும் பள்ளமும். நல்லவேளை, மே கடைசியிலும் குளிர்காற்று வீசிக்கொண்டிருந்தது.

நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லின் முன்னாலும் ஒரு சின்னக் கொடி. மெமோரியல் டேவுக்கு முந்தைய வியாழக்கிழமை சிப்பாய்கள் வரிசையாக வந்து நட்டுவிட்டுப் போவார்கள். கல்லுக்கும் கொடிக்கும் இடையே சரியாக ஒரு பூட்ஸ் நீளம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. மகன் குனிந்து தன் ஷூவை வைத்துப் பார்த்தான். அவன் ஷூவுக்கு முன்னால் இரண்டு விரல்கடை மிச்சம் இருந்தது. "பத்து சைஸ் பூட்ஸ்டா" என்றார் அப்பா, ஏதோ ஸ்டோரில் சரக்கு எண்ணுகிறவர் போல. அப்புறம் வரிசையின் ஓரத்தில் நின்று ஒரு கண்ணை மூடி நேர்கோடு பார்த்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் கோடு பிசகவில்லை.

குன்றின் மேலே தூண்கள் வைத்த பெரிய வீடு தெரியும். நாட்டிலிருந்து பிரிந்த தெற்கு மாநிலங்களின் படைகளை நடத்திய ராபர்ட் லீயின் குடும்ப வீடு. உள்நாட்டுப் போரில் அவர் மறுபக்கம் போய்விட, வடக்கு அரசு எஸ்டேட்டை எடுத்துக்கொண்டது. 1864-ல் இங்கே முதல் சிப்பாயைப் புதைத்தார்கள். படைத் தளவாட அதிகாரி மெய்க்ஸ், லீயின் குடும்பம் திரும்பி வந்து குடியிருக்கவே முடியாதபடி, வீட்டுத் தோட்டத்தை ஒட்டியே பிணங்களைப் புதைக்கச் சொன்னார். இன்றைக்கு உள்ளே கோஷம் கூடாது, பதாகை கூடாது, அரசியல் கூட்டம் கூடாது. எல்லாம் சரிதான். ஆனால் நாட்டின் மிகப் புனிதமான இந்த மயானம் பிறந்ததே ஓர் அரசியல் பழிவாங்கலில். அப்பாவிடம் சொன்னேன். "துரோகம் பண்ணினவன் வீடு. வேற என்ன பண்ணுவாங்க?" என்றார். அதுவும் அரசியல்தானே என்றேன். பதில் இல்லை.

பெயர் தெரியாத வீரர் சமாதியில் காவல் மாறுவதைப் பார்த்தோம். 21 காலடி நடை, 21 விநாடி நிற்பு, திரும்ப 21 காலடி. கூட்டத்தில் ஒரு குழந்தைகூடச் சிணுங்கவில்லை. அப்பா தலையில் தொப்பி இல்லாததால் சல்யூட் வைக்காமல் விறைப்பாக நின்றார். வியட்நாம் போருக்கான அறை மட்டும் காலி. அதில் இருந்தவர் யார் என்று 1998-ல் டி.என்.ஏ. சோதனையில் தெரிந்துவிட்டதால் குடும்பத்தாரிடம் கொடுத்துவிட்டார்கள்.

அங்கிருந்து 60-ஆம் பகுதிக்கு நடக்கும்போது என் செருப்பின் பின்வார் அறுந்தது. இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் இறந்தவர்கள் பலர் இருக்கும் இடம் அது. மற்ற இடங்களில் இருந்த அடக்கமான மௌனம் அங்கே இல்லை. மடக்கு நாற்காலிகள், ஐஸ் பெட்டி, பலூன், கல்லின் தலைமேல் வைத்த பீர் கேன், தங்கள் அப்பாவின் கல்லில் சாய்ந்து சிப்ஸ் தின்னும் பையன்கள். நான் ஒற்றைச் செருப்போடு நொண்டுவதைப் பார்த்து, நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருத்தி எழுந்து வந்தாள். புகைப்படங்களை ஒட்டுவதற்கு வைத்திருந்த அகலமான சாம்பல் நிற டேப்பை எடுத்து, என் காலைப் பிடித்து, செருப்போடு சேர்த்து இரண்டு சுற்று சுற்றிவிட்டாள். கூச்சமாகிவிட்டது எனக்கு. மகனுக்கு ஒரு ஜூஸ் டப்பா. அப்பாவுக்கு நாற்காலி. "நீங்கள் யாரைப் பார்க்க வந்தீர்கள்?" என்று கேட்டாள். யாரையும் இல்லை என்று சொல்லத் தயங்கினேன். "பரவாயில்லை, இவரைப் பாருங்கள்" என்று கணவரின் கல்லைக் காட்டினாள்.

பெயர், பதவி, பிறந்த நாள், இறந்த நாள். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் 'ஆபரேஷன் இராக்கி ஃப்ரீடம்'.

பழைய கல்லறைகளில் கொரியா, வியட்நாம் என்று போர் நடந்த நாட்டின் பெயர் மட்டும் இருக்கும். இந்தப் போர்களில்தான் அரசு வைத்த பெயரையே கல்லில் பொறித்தார்கள். அது குடும்பத்தின் விருப்பம் என்று அரசு சொன்னது. எங்களை யாரும் கேட்கவே இல்லை என்று சில குடும்பங்கள் 2005-ல் பத்திரிகைகளிடம் சொன்னது எனக்கு நினைவிருந்தது. அந்த வரியை நான் பார்த்துக்கொண்டிருப்பதை அவள் கவனித்திருக்க வேண்டும். "கல் வந்தபோதே அது இருந்தது. என்னைக் கேட்டிருந்தாலும் அன்றைக்கு எந்தக் காகிதத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றாள். கோபமெல்லாம் இல்லை. மகனிடம் இன்னொரு ஜூஸ் வேண்டுமா என்று கேட்டாள்.

இங்கே வந்து அரசியல் பேசாதே என்கிறார்கள். கல்லே பேசுகிறதே, அதை யார் கேட்பது?

வெளியே வரும் வழியில் அப்பாவுக்கு 1971 ஏப்ரல் கதையைச் சொன்னேன். வியட்நாமில் சண்டை போட்டுத் திரும்பியவர்களே போரை நிறுத்து என்று சொல்லி வாஷிங்டனுக்குத் திரண்டு வந்தார்கள். அவர்களோடு பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களும் மலர்வளையத்தோடு ஆர்லிங்டனுக்கு நடந்து வந்தார்கள். வாசல் கதவைப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் மறுபடி வந்தபோதுதான் உள்ளே விட்டார்கள். அந்த வார வெள்ளிக்கிழமை நூற்றுக்கணக்கான முன்னாள் வீரர்கள் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் போட்டிருந்த வேலிக்கு மேலே தங்கள் பதக்கங்களை வீசி எறிந்தார்கள்.

பதக்கத்தை எறிந்தது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "வாங்கினதை எறியறது என்ன பழக்கம்?" என்றார். நாலு எட்டு நடந்த பிறகு, "ஆனா கேட்டைப் பூட்டினது தப்பு. பெத்தவ வந்தா வழிவிடணும். அவ என்ன கட்சியா இருந்தா என்ன?"

ராத்திரி எத்தியோப்பியச் சாப்பாடு. இந்தப் பக்கம் அந்த உணவகங்கள் நிறைய. மேசை அகலத்துக்கு இஞ்சரா விரித்து, அதன்மேல் பருப்பும் கீரையும் மசாலா போட்ட ஆட்டுக்கறியும் குவியல் குவியலாக வைத்துத் தருகிறார்கள். கரண்டி கிடையாது. "நாலு நாள் புளிச்ச தோசைமா இது" என்றார் அப்பா. இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மூன்று பேருக்கு டிப்ஸோடு 62 டாலர். வாஷிங்டனுக்கு அது மலிவு.

மே 25, ஞாயிறு

காலையில் மோட்டார் சைக்கிள் சத்தத்தில்தான் கண் விழித்தோம். போர்க்கைதிகளையும் காணாமல் போனவர்களையும் மறக்காதே என்று மெமோரியல் டே ஞாயிறுகளில் ஆயிரக்கணக்கான பைக்குகள் நகரத்துக்குள் ஊர்வலம் வரும். 1988-ல் ஆரம்பித்த 'ரோலிங் தண்டர்' 2019-ல் நின்றது. இப்போது வேறு முன்னாள் ராணுவ அமைப்பு நடத்துகிறது. பெரும்பாலும் நரைத்த தாடி, தோல் கோட்டு, முதுகில் கறுப்புக் கொடி. பாலத்தோரம் நின்ற மகனைப் பார்த்து ஹாரன் அடிக்காத வண்டி இல்லை. அவனுக்கு இந்தப் பயணத்தில் பிடித்தது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மதியம் வியட்நாம் சுவர், அந்தப் போரில் இறந்த அமெரிக்கச் சிப்பாய்களின் நினைவிடம்.

இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போரில் காயப்பட்டுத் திரும்பிய ஜான் ஸ்க்ரக்ஸ் என்ற சிப்பாய் ஆரம்பித்த முயற்சி. வடிவமைப்புப் போட்டி வைத்தபோது நிபந்தனைகளில் ஒன்று, நினைவிடம் போரைப் பற்றி எந்த அரசியல் கருத்தும் சொல்லக் கூடாது என்பது. இறந்தவர், காணாமல் போனவர் எல்லோரின் பெயரும் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. 1981-ல் ஜெயித்தது மாயா லின். அப்போது 21 வயது, யேல் பல்கலைக்கழக மாணவி. சிலை இல்லை, கொடி இல்லை, தரைக்குக் கீழே இறங்கும் கறுப்புச் சுவர் மட்டும். உடனே சண்டை வெடித்தது. நகரமே வெள்ளைக் கல்லாக இருக்க எங்களுக்கு மட்டும் ஏன் கறுப்பு, ஏன் குழிக்குள், இது அவமானச் சின்னம் என்று முன்னாள் வீரர்களில் ஒரு சாரார் கொதித்தார்கள். 1982-ல் சுவர் திறந்தது. சமாதானத்துக்காக 1984-ல் பக்கத்தில் மூன்று சிப்பாய்கள் சிலையை வைத்தார்கள். அரசியல் வேண்டாம் என்று எழுதி வைத்துக் கட்டிய ஒன்று, கட்டி முடிப்பதற்குள் அவ்வளவு அரசியல் பார்த்துவிட்டது.

அந்தக் கறுப்புக் கல் பெங்களூரிலிருந்து வந்தது. அப்பாவிடம் இதை வேண்டுமென்றே கடைசிவரை சொல்லாமல் வைத்திருந்தேன். அங்கே ஹலசூர் ஏரிக்கரையில் ரிக்ரூட்டாக ஓடியவர். சொன்னதும் விரல் முட்டியால் கல்லைத் தட்டிப் பார்த்தார். "நம்ம ஊர்க் கல்லா?" அதற்குப் பிறகு வந்தவர் போனவரிடமெல்லாம் அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். அகர வரிசை இல்லை, பதவி இல்லை. இறந்த தேதி வரிசை. ஜெனரலும் சமையல்காரனும் ஒரே அளவு எழுத்தில், அரை அங்குல உயரத்தில். ஆரம்பத்தில் சுவர் முழங்கால் உயரம்கூட இல்லை. நடக்க நடக்க வளர்ந்து, நடுவில் பத்தடிக்குப் போகிறது. 1959-ல் தொடங்கும் பெயர்கள் நடுமூலையிலிருந்து வலப்பக்கமாக ஓடி, இடது கோடியில் மறுபடி ஆரம்பித்து, 1975-ல் அதே நடுமூலைக்கு வந்து முடிகின்றன. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சின்னக் குறி. வைரம் என்றால் இறந்தது உறுதி. சிலுவை என்றால் கிடைக்கவில்லை. அப்பா இரண்டாவது பலகையிலேயே வரிசையின் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டார். "பாரு, இந்த ஆறு பேரும் ஒரே நாள். ஒரே வண்டியா இருக்கும். இல்லன்னா ஒரே மைன்" என்றார். கண்ணிவெடி எடுக்கிற வேலை பார்த்தவர். எனக்கு அது வெறும் பெயர்ப் பட்டியலாகத் தெரிந்தது. அவருக்கு அந்த வண்டியே தெரிந்தது.

மஞ்சள் சட்டை போட்ட தொண்டர்கள் பென்சிலும் நீளக் காகிதமும் தருகிறார்கள். பெயர்மேல் வைத்துத் தேய்த்து எடுத்துப் போகலாம். உயரத்தில் இருக்கும் பெயருக்கு அவர்களே ஏணியில் ஏறுகிறார்கள். சுவரின் அடியில் ஜனங்கள் எதையாவது வைத்துவிட்டுப் போகிறார்கள். பூட்ஸ், சிகரெட் பாக்கெட், பதக்கம், பள்ளிக்கூடப் புகைப்படம். தேசியப் பூங்காத் துறை அவற்றைச் சேகரித்துப் பாதுகாக்கிறது.

மேற்குச் சுவருக்குப் பக்கத்தில் அறுபதைத் தாண்டிய பெண்மணி ஒருவர் ஒரு கவரை வைத்தார். மேலே பெரிதாக எழுதியிருந்ததை நின்று படிக்க முடிந்தது. 'நீ வீணாகச் செத்தாய். உன்னை அனுப்பியவர்கள் பொய் சொன்னார்கள்.' எனக்கே திக்கென்றது. பக்கத்தில் பைக் கோட்டு போட்ட பெரியவர் படித்துவிட்டு, "மேடம், இன்றைக்கு வேண்டாமே" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த அம்மாள் திரும்பி, சுவரில் தோள் உயரத்தில் இருந்த ஒரு பெயரைத் தொட்டு, "இது என் அண்ணன். அப்புறம் எந்த நாள் என்று நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

அந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார். சண்டை வரும் என்று நினைத்து மகனின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் குனிந்து, காற்றில் பறந்துவிடாமல் அந்தக் கவரின் மேல் ஒரு கல்லை எடுத்து வைத்தார். ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். முகம் அப்படி இல்லை. பக்கத்தில் நின்ற மஞ்சள் சட்டைத் தொண்டர் எதிலும் தலையிடவில்லை.

அதே மனிதர்தான் பிறகு அப்பா கல்லைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து வந்து பேசினார். இந்தக் கல் எங்கள் ஊர்க் கல் என்றார் அப்பா. இந்திய ராணுவம், என்ஜினியர்ஸ், சண்டைக்கும் போனேன் என்றார். எங்கே என்று கேட்டார். ஸ்ரீலங்கா. அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "வெல்கம் ஹோம்" என்றார். வியட்நாமுக்குப் போய் வந்தவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் சொல்லிக்கொள்வது. திரும்பி வந்தபோது யாரும் சொல்லாததால் தங்களுக்குள்ளேயே சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அப்பாவுக்கு இதை விளக்கினேன். ஒன்றும் பேசவில்லை. லிங்கன் மண்டபத்துப் படிக்கட்டு வரை வேகமாக நடந்துவிட்டார், நானும் மகனும் பின்னால் ஓடினோம்.

கொரியப் போர் நினைவிடத்தையும் பார்த்தோம். மழைக்கோட்டு போட்ட 19 எஃகுச் சிப்பாய்கள் புதருக்குள் நடக்கிறார்கள். நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்குள் எங்கள் கால்கள் ஓய்ந்துவிட்டன. வாசலில் ஒரு தண்ணீர் பாட்டில் 3 டாலர்.

ராத்திரி மோட்டலில் மூணுகால் கட்டிலில் உட்கார்ந்து அப்பா தானாகப் பேசினார். 1990 மார்ச். அமைதிப்படை மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்பது அவர் பக்கத்து நியாயம். இந்தியச் சிப்பாய்கள் சுமார் 1,200 பேர் அந்த மண்ணில் செத்திருந்தார்கள். "எனக்கு அப்போ ஆத்திரம்னா ஆத்திரம். என்னை யாரு அனுப்பினது? நானா போனேன்?" என்றார். இதை அவர் வாயால் முன்பே கேட்டிருக்கிறேன். அடுத்து சொன்னதுதான் புதுசு. "ஆனா யாழ்ப்பாணத்துல நான் பார்த்ததையும் பார்த்தேன். அந்த ஆளு சொன்னது பொய்னு என்னால சொல்ல முடியாது பாப்பா. வராம இருந்ததுதான் வலிச்சுது."

இலங்கைப் போரில் செத்த இந்தியச் சிப்பாய்களின் பெயரைப் பொறித்து நினைவுச் சின்னம் கொழும்புக்குப் பக்கத்தில், அந்த நாட்டு நாடாளுமன்றம் இருக்கும் கோட்டேயில் நிற்கிறது. தில்லியில் தேசியப் போர் நினைவிடம் திறந்தது 2019-ல்தான். அங்கே அவர்கள் பெயர்கள் வருவதற்கு ஏறக்குறைய முப்பது வருஷம். சண்டை தப்பா சரியா என்று தீர்மானிக்க முடியாத நாடு, செத்தவனை என்ன செய்வது என்று தெரியாமல்தான் விழிக்கும். போர் சரி என்று சொல்பவர்களுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. கொடியை நட்டுவிட்டு 'இன்றைக்கு அரசியல் வேண்டாம்' என்று சொல்வது அவர்களுக்குச் சுலபம். அவர்கள் அரசியல் ஏற்கெனவே கல்லில் ஏறிவிட்டது.

மே 26, திங்கள்

மெமோரியல் டே. மோட்டல் டிவியில் காலை முழுக்க மெத்தைத் தள்ளுபடி விளம்பரம். மெமோரியல் டே சேல், பாதி விலை.

மதியம் கான்ஸ்டிடியூஷன் அவென்யூவில் அணிவகுப்பு. பள்ளிக்கூட பேண்டு, பழைய ஜீப்புகள், திறந்த காரில் தள்ளாத வயதுக்காரர்கள். ஓரமாக வண்டியிலிருந்து ஹாஃப் ஸ்மோக் வாங்கினோம், இந்த ஊர்ப் பெயர்பெற்ற காரமான சாஸேஜ். ஒன்று 11 டாலர். அப்பா பன்றி சாப்பிட மாட்டார், அவருக்குப் பொரித்த உருளைக்கிழங்கு. மூன்று மணிக்கு நாடு முழுக்க ஒரு நிமிஷம் மௌனமாக நினைக்க வேண்டும் என்று 2000-லிருந்து ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் நாலைந்து பேர் எழுந்து நின்றார்கள். ஐஸ்கிரீம் வரிசை நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

கூட்டத்திலிருந்து விலகி மரத்தடியில் 'வெட்டரன்ஸ் ஃபார் பீஸ்' சட்டை போட்ட ஒருவர் துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்தார். போருக்கு எதிரான முன்னாள் வீரர்கள் அமைப்பு. கலிஃபோர்னியாக்காரர். சான்டா மோனிகா கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிலுவை நட்டவர்களில் ஒருவராம். 2003-ல் சான்டா பார்பராவில் ஆரம்பித்த 'ஆர்லிங்டன் வெஸ்ட்' அது. இராக்கில் இறந்த ஒவ்வொரு அமெரிக்கச் சிப்பாய்க்கும் மணலில் ஒரு சிலுவை. பிணப்பெட்டிகள் விமானத்திலிருந்து இறங்குவதைப் படமெடுக்க 1991-லிருந்து 2009 வரை தடை இருந்தது. "அரசு மறைத்தது, நாங்கள் காட்டினோம்" என்றார். பிடித்திருந்தது எனக்கு.

அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். பேர் எழுதினீங்களே, வீட்ல கேட்டீங்களா?

அவர் தயங்கினார். எல்லோரையும் கேட்கவில்லை. எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவோம் என்றார். 2005-ல் டெக்ஸஸில், மகனை இழந்த சிண்டி ஷீஹன் புஷ்ஷின் பண்ணைக்குப் பக்கத்தில் போராட்டம் நடத்தியபோது அங்கேயும் சிலுவைகள் நட்டார்கள். ஒருவன் பிக்கப் வண்டியை அவற்றின் மேல் ஏற்றினான். அது அயோக்கியத்தனம். ஆனால் வேறு விதமாகவும் வந்தார்கள். மகனைப் பறிகொடுத்த தகப்பன் ஒருவர், என் பையன் பேரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள் என்று சிலுவையைப் பிடுங்கி எடுத்துப் போனார். மறுபடி வைத்தார்கள், மறுபடி எடுத்தார். ஷீஹனுக்குத் தன் மகன் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்க உள்ள உரிமை, அந்தத் தகப்பனுக்குத் தன் மகன் பெயரை எடுத்துக்கொண்டு போகவும் உண்டு. போருக்கு எதிரான என் பக்கத்து ஆட்கள் அங்கே செய்தது எனக்கு ஒப்பவில்லை.

திரும்பும் வழியில் மேரிலாந்தில் ஓர் ஓய்வுநிறுத்தத்தில் மறுபடி டிராபிக்குக்காகக் காத்திருந்தோம். மோட்டலிலிருந்து கிளம்பும்போது குஜராத்திப் பையன் கொடுத்த தேப்லாவும் ஊறுகாயும். சண்டையும் கூடவே.

"அஞ்சலி வேற, அரசியல் வேறன்னு உன்னால வெச்சுக்க முடியாதா?" என்றார் அப்பா.

முடியாது என்றேன். எப்படிச் செத்தான் என்று கேட்காமல் எப்படி அழுவது? யார் அனுப்பினார்கள், எதற்கு என்று கேட்கக் கூடாது என்றால், அது அஞ்சலியா, அனுப்பியவர்களுக்குக் காவலா? வியட்நாமியர் எத்தனை லட்சம் பேர் செத்தார்கள், அந்தச் சுவரில் ஒரு பெயர் உண்டா?

"கேளு. யாரு வேணாங்கறா? நானும்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். ஆனா என்கூட இருந்தவன் பேரை உன் அட்டையில எழுதணும்னா அவன் பொண்டாட்டியைக் கேட்டுட்டு எழுது."

அப்போது அரசும் கல்லில் கோஷம் எழுதுவதற்கு முன் கேட்க வேண்டும்தானே?

"அதையும் கேக்கணும். அவன் முதல்ல கேக்கணும்" என்றார். அடுத்த தேப்லாவை எடுத்துக்கொண்டார். இவ்வளவு தூரம் அவர் இறங்கி வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் சொன்ன மற்றதற்கு என்னிடம் பதிலும் இல்லை. என் 2003 அட்டையில் யார் பெயரும் எழுதவில்லை என்பது தற்செயல்தான். எழுதியிருந்தால் யாரையும் கேட்டிருக்க மாட்டேன்.

மே 27, செவ்வாய்

வீடு. கணுக்காலில் டேப் ஒட்டியிருந்த இடம் சிவந்து அரிக்கிறது. துவைக்க மூட்டை கிடக்கிறது.

காலையிலேயே அப்பா வேலூரில் இருக்கும் பழைய யூனிட் நண்பருக்கு வாட்ஸ்அப்பில் பேசினார், ஸ்பீக்கரில், தெரு கேட்கும்படி. பைக்குகள் ஆயிரம் என்று நான் எழுதியது அவர் கணக்கில் லட்சம் ஆகிவிட்டது. எத்தியோப்பியத் தோசை, பத்து சைஸ் பூட்ஸ், பெங்களூர் கல். சமாதிக் காவல்காரன் திரும்பும் விதத்தில் ஒரு சின்னத் தப்பு கண்டுபிடித்திருந்தார், அதற்கு மட்டும் ஐந்து நிமிஷம். பைக்குக்காரர் "வெல்கம் ஹோம்" சொன்னதையும் சொன்னார். அந்தப் பக்கம் நண்பர் கேட்டார்: "அதெல்லாம் சரி, அந்த ஊர்ல சண்டை வேணாம்னு சொல்றவங்களும் பட்டாளத்துக்காரங்கதானா?"

"ஆமாய்யா. நம்ம ஆளுங்கதான்" என்றார் அப்பா. பிறகு இருவரும் பென்ஷன் பாக்கியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள், அது இன்னும் முடியவில்லை.